செயலிகளின் போரும் பயனரின் உரிமையும்

இன்டெல் சிறந்ததா, ஏ.எம்.டி. சிறந்ததா? விண்டோசு மேலா, மேக்கு மேலா, இலினக்சு மேலா? கணிப்பொறி மேசைமேல் ஏறி அமர்ந்த நாள்முதல் இவ் வழக்கு ஓயவில்லை. தாம் வாங்கிய பொறியே தலையாயது என்று ஒருவர் நிறுவப் புகுவதும், மற்றொருவர் அதனைப் பழித்துத் தம் பொறியைத் தூக்கிப் பிடிப்பதும் இளைஞரிடையே அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. நிறுவனங்கள் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய விளம்பரப் பணியை, பொருள் கொடுத்து வாங்கியவர்களே கூலியின்றிச் செய்து தருகின்றனர்.

இச் சொற்போரில் விரைவும் விலையும் தோற்றமுமே பேசப்படுகின்றன. இவற்றினும் முற்பட்ட வினாக்கள் இரண்டுண்டு. செயலியின் கட்டளைத் தொகுதி எவர்க்கு உரியது? தளத்தை ஆக்கியவர் அதனைக் கைவிடும் நாளில், அதன்மேல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதியும் வரைந்தும் கணக்கிட்டும் வைத்தவை என்னாகும்? இவ் வினாக்களை எழுப்பாமற் செய்யும் தேர்வு தேர்வாகாது. பிறர் வகுத்த வேலிக்குள் எந்த மூலையில் நிற்பது என்று முடிவு செய்வதே அஃதாகும். கடந்த நாற்பத்தைந்து ஆண்டுக் கணிப்பொறி வரலாறு இதற்குத் தெளிவான சான்று பகர்கின்றது.

கட்டளைத் தொகுதி என்பது யாது?

செயலி என்பது கணிப்பொறியின் கணக்கர். எடு, வை, கூட்டு, கழி, ஒப்பிடு, தாவு என்னும் சிறுசிறு கட்டளைகளையே அஃது அறியும். அக் கட்டளைகளின் முழுத் திரட்டே கட்டளைத் தொகுதி எனப்படும். ஒவ்வொரு செயலிக் குடும்பமும் தனக்கெனத் தனித் தொகுதி உடையது. தமிழ் மட்டும் அறிந்தவரிடம் சீனத்திற் பேசினால் எவ்வாறு பொருள் விளங்காதோ, அவ்வாறே ஒரு குடும்பத்திற்கென ஆக்கப்பெற்ற மென்பொருள் மற்றொரு குடும்பத்தின்மேல் அப்படியே இயங்காது. எனவே, செயலியைத் தேர்ந்தவர் அதன் மொழியையும் தேர்ந்தவராகிறார். அம் மொழியில் எழுதப்பெற்ற மென்பொருள்கள் பெருகப் பெருக, அவரால் அதனை விட்டு வெளியேறுவது அரிதாகின்றது. செயலிப் போரின் உட்பொருள் இதுவே.

1981: தரம் தோற்ற கதை

ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறியை 1981 ஆகத்து 12ஆம் நாள் வெளியிட்டது. புளோரிடாவின் போக்கா இராட்டனில் ஒரு சிறு குழுவினர் அதனை ஓராண்டுக்குள் ஆக்கி முடித்தனர். அன்று அவர்கள்முன் இருந்த செயலிகளுள் மோட்டோரோலாவின் 68000 மிகச் செம்மையான கட்டமைப்புடையது. அதன் உள்ளறைகள் 32 பிட்டு அகலமுடையன. 1 கோடியே 60 இலக்கத்திற்கும் மேற்பட்ட நினைவிடங்களை அது நேரே சுட்டவல்லது. இன்டெலின் 8088-ஓ பத்திலக்கத்துச் சொச்சம் இடங்களையே சுட்டவல்லது. அதனையும் 64 கிலோபைட்டுத் துண்டங்களாகப் பகுத்தே கையாள வேண்டும். வல்லுநர் பலரும் 68000-ஐயே போற்றினர். ஆயினும், ஐ.பி.எம். தேர்ந்தது 8088.

கரணியம் என்னை? 8088 வெளிப்புறத்தில் 8 பிட்டு வடமே உடையதாகலின், அன்று மலிவாகக் கிடைத்த துணைச் சில்லுகளை அதனோடு எளிதில் இணைக்க முடிந்தது. மோட்டோரோலாவின் அத்தகைய உடன்பிறப்பாகிய 68008 அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. ஐ.பி.எம். பொறியாளர்கள் அதற்கு முன்பே இன்டெலின் 8085-ஐக் கொண்டு 'டேட்டாமாசுட்டர்' என்னும் கணிப்பொறியை ஆக்கிப் பழகியிருந்தனர். இவ்வாறு பழக்கமும் விலையும் காலமும் சேர்ந்து முடிவு செய்தன. தரம் ஒதுங்கி நின்றது.

அம் முடிவின் சுமையைத் தூக்கியவர் பயனரே. 8088 சுட்டவல்ல இடத்தில் 640 கிலோபைட்டுக்குமேல் உள்ளதை ஐ.பி.எம். பொறியின் பிற உறுப்புகளுக்கென ஒதுக்கியது. அவ் 640 என்னும் எல்லைக்குள் மென்பொருளைத் திணிக்கப் பத்தாண்டுக்கு மேல் உலகெங்கும் மென்பொருளாளர் பட்ட பாடு சிறிதன்று. அச் செயலியின் வழிவந்த கட்டளைத் தொகுதியே இன்றும் உலகின் பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் வாழ்கின்றது.

மோட்டோரோலாவின் 68000 எளிதில் வீழவில்லை. 1984 சனவரி 24ஆம் நாள் வெளிவந்த ஆப்பிளின் மேக்கிண்டாசு அதனைக் கொண்டே இயங்கியது. படங்களாலான திரையும் சுட்டெலியும் பொதுமக்களின் கைக்கு வந்தன. 1985இல் வந்த அமிகாவும் அட்டாரி எசுடியும் அதே செயலியின. ஆயினும், ஐ.பி.எம். வழியே பரவிற்று. அப் பொறியின் உறுப்புகள் பெரும்பாலும் கடையில் வாங்கத் தக்கன. அடிப்படை உள்ளீட்டு மென்பொருள் ஒன்றே ஐ.பி.எம். தனக்கெனக் காத்தது. அதனைக் காம்பேக்கு நிறுவனத்தார் படியெடுக்காமல் தாமே புதிதாக எழுதி, 1983இல் தம் பொறியை விற்கத் தொடங்கினர். வேலி ஓரிடத்தில் உடைந்ததும் நூற்றுக்கணக்கானோர் அதன் வழியே புகுந்தனர், விலை வீழ்ந்தது. ஆப்பிளோ தன் பொறியைப் பிறர் ஆக்க 1995 வரை உரிமம் தரவில்லை. தந்ததையும் 1997இல் முடித்துக் கொண்டது. திறந்த வழி மூடிய வழியை வென்றதேயன்றி, ஒரு சில்லு மற்றொரு சில்லை வென்றதன்று.

பற்றாளர் நின்ற இடமும் நிறுவனம் சென்ற இடமும்

ஆப்பிள் பற்றாளரின் வரலாறே பொறிப்பற்றின் வீண்மையைக் காட்டப் போதியதாம். 1991இல் ஆப்பிள், ஐ.பி.எம்., மோட்டோரோலா மூன்றும் கூடி 'பவர்பிசி' என்னும் புதுச் செயலிக் குடும்பத்தை ஆக்க ஒப்பந்தம் செய்தன. 1994 மார்ச்சில் ஆப்பிள் தன் மேக்குகளை அதற்கு மாற்றியது. குறைந்த, எளிய கட்டளைகளையுடைய பவர்பிசி வகையே உயர்ந்தது என்றும், இன்டெலின் சிக்கலான கட்டளைத் தொகுதி விரைவில் மாயும் என்றும் பற்றாளர் முழங்கினர். 1998இல் பென்டியம் 2 சில்லை ஒரு நத்தையின் முதுகில் ஏற்றித் தொலைக்காட்சியில் ஆப்பிள் எள்ளியது.

அவ்வாறு முழங்கியோர் அறியாத ஒன்றுண்டு. இன்டெல் 1995இல் வெளியிட்ட பென்டியம் புரோ, தன் சிக்கலான கட்டளைகளை உள்ளுக்குள் சிறுசிறு எளிய கட்டளைகளாக உடைத்தே இயக்கியது. இரு கட்சியாரும் பகையென்று கருதிய இரு நெறிகள் சில்லுக்குள் ஏற்கெனவே கைகோத்துக் கொண்டிருந்தன. வெளியே பூசல் மட்டும் தொடர்ந்தது.

2003 சூனில் ஆப்பிளின் தலைவர் இசுட்டீவ் சாப்சு, ஓராண்டுக்குள் நொடிக்கு 300 கோடித் துடிப்புடைய பவர்பிசி வரும் என்று மேடையில் உறுதி கூறினார். அது வரவில்லை. அச் செயலியின் வெப்பத்தை அடக்கி மடிக்கணினிக்குள் வைக்கவும் இயலவில்லை. 2005 சூன் 6ஆம் நாள், மேக்குகள் இனி இன்டெல் செயலிக்கு மாறும் என்று அவரே அறிவித்தார். நத்தை என்று இகழப்பட்ட இன்டெல் ஒரே நாளில் ஏற்றம் பெற்றது. பத்தாண்டுக் காலம் பவர்பிசிக்காக வாதாடியோர், தங்களை எவரும் கேளாமலே மறுகட்சிக்கு மாற்றப்பட்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததே கருதத் தக்கது. பழைய பவர்பிசி மென்பொருள்களைப் புதிய பொறியில் இயக்க 'உரோசெட்டா' என்னும் பெயர்ப்பு மென்பொருளை ஆப்பிள் தந்தது. 2011இல் வந்த இயங்குதளத்தில் அதனை நீக்கிவிட்டது. அன்றோடு பவர்பிசிக்கென எழுதப்பெற்ற மென்பொருள்கள் புதிய மேக்குகளில் வாயடைத்தன. 2019இல் 32 பிட்டு மென்பொருள்களுக்கும் அதே நிலை நேர்ந்தது. 2020இல் ஆப்பிள் இன்டெலையும் விட்டு, தானே வரைந்த ஆர்ம் வகைச் செயலிக்குத் தாவியது. இன்டெல் மேக்குகளுக்கு 2025இல் வரும் இயங்குதளமே இறுதியானது என்று அவ்வாண்டு சூனில் அறிவித்தது.

நிறுவனம் மாறியதைக் குற்றம் கூறுவதற்கில்லை. புதிய சில்லுகள் குறைந்த மின்னாற்றலில் மிகுந்த பணி செய்வன. அது மறுக்க முடியாத உண்மை. தனக்கு ஊதியம் தரும் வழியில் நிறுவனம் செல்லும். ஆனால், அது மூன்று முறை குடிபெயர்ந்தபோது, பயனரின் பழைய மென்பொருளும் அவற்றால் மட்டுமே திறக்கத் தக்க பழைய ஆக்கங்களும் அதனோடு குடிபெயர்ந்தனவா என்பதே வினா.

துடிப்பெண் மயக்கம்

இன்டெலுக்கும் ஏ.எம்.டி.க்கும் இடையே நடந்த போட்டி வேறுவகைப் பாடம் புகட்டுகின்றது. ஐ.பி.எம். தன் செயலிக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாது, இரண்டாவது ஆக்குநர் ஒருவர் வேண்டும் என்றது. அதன்படி 1982இல் இன்டெல் ஏ.எம்.டி.யோடு ஒப்பந்தம் செய்தது. ஆனால், 1985இல் வந்த 386 செயலியை ஏ.எம்.டி.க்குக் கொடுக்க மறுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1991இல் ஏ.எம்.டி. தன் 386-ஐத் தானே ஆக்கி வெளியிட்டபின் விலை இறங்கியது. வாங்குவோர்க்கு உண்மையான நன்மை செய்தது எந்த ஒரு சில்லும் அன்று. ஒரே மொழியை இருவர் பேசும் நிலையே.

பின்னர் இருவரும் துடிப்பெண் போட்டியில் இறங்கினர். நொடிக்கு 100 கோடித் துடிப்பு என்னும் எல்லையை 2000 மார்ச்சில் ஏ.எம்.டி. முதலிற் கடந்தது, இரண்டே நாளில் இன்டெலும் கடந்தது. துடிப்பெண் மிகுந்தால் விரைவு மிகும் என்று விளம்பரங்கள் கற்பித்தன. ஒரு துடிப்பில் எவ்வளவு பணி முடிகின்றது என்று எவரும் கேட்கவில்லை. அடிக்கடி அடியெடுத்து வைப்பவன் நெடுந்தொலைவு சென்றுவிட்டான் என்று எண்ணுவது போன்றது அது. அடியின் நீளத்தை அளக்க வேண்டாவா? 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 இம் மயக்கத்தையே முதலாகக் கொண்டு வளர்ந்தது; 2004இல் 380 கோடித் துடிப்பைத் தொட்டு, வெப்பத்தால் திணறி நின்றது. 400 கோடியைத் தொடும் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டே கைவிட்டது. 2006இல் அதே இன்டெல் வெளியிட்ட 'கோர் 2', மிகக் குறைந்த துடிப்பெண்ணில் பென்டியம் 4-ஐ எளிதாக விஞ்சியது. ஆறாண்டுக் காலம் எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் வெப்பத்தையும் மின்கட்டணத்தையும் வாங்கினர் என்பதே முடிந்த முடிபு.

கூட்டமாய் எழும் பயனர் குரலுக்கு வலிமை உண்டு என்பதற்கும் இவ் வரலாற்றிற் சான்றுண்டு. 1994இல் பென்டியம் செயலி சில வகுத்தற் கணக்குகளிற் பிழை செய்வதை வர்சீனியா மாநிலத்துக் கணக்குப் பேராசிரியர் தாமசு நைசிலி கண்டறிந்து வெளியிட்டார். மாற்றுச் சில்லு வேண்டுவோர், அது தமக்கு இன்றியமையாதது என்று காட்ட வேண்டும் என இன்டெல் முதலிற் கூறியது. எதிர்ப்பு பெருகவே, அவ்வாண்டு திசம்பரில் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர இசைந்தது. அதற்கென 47 கோடியே 50 இலக்கம் தாலர் செலவை ஏற்றுக் கொண்டது. பற்றாளராய் நின்று சில்லைக் காத்தவரால் அன்று இது நிகழ்ந்தது. உரிமையுடையோராய் நின்று கணக்குக் கேட்டவரால் நிகழ்ந்தது.

சேர்த்து வைத்த செல்வமே வெல்லும்

இன்டெலும் எச்.பி.யும் 1994இல் கூடிப் பெருஞ்செலவில் 'இட்டானியம்' என்னும் முற்றிலும் புதிய 64 பிட்டுச் செயலியைத் திட்டமிட்டன. அது 2001இல் வெளிவந்தது. பழைய மென்பொருள்களை அஃது ஊர்ந்தே இயக்கியது. உலகம் தன் மென்பொருளை எல்லாம் மீண்டும் எழுதிக்கொண்டு தன் பின்னே வரும் என்று இன்டெல் எண்ணியது. ஏ.எம்.டி.யோ 2003இல் பழைய கட்டளைத் தொகுதியையே 64 பிட்டுக்கு விரித்து வெளியிட்டது. பழையனவும் இயங்கின, புதியனவும் இயங்கின. மறு ஆண்டே இன்டெல் ஏ.எம்.டி.யின் வழியைத் தன் சில்லில் ஏற்றுக்கொண்டது. இட்டானியத்தின் இறுதிச் சரக்கு 2021இல் அனுப்பப் பெற்றது. இன்று இன்டெல் செயலியை வாங்கி ஏ.எம்.டி.யைப் பழிப்பவர், ஏ.எம்.டி. வகுத்த 64 பிட்டுக் கட்டளைகளையே நாள்தோறும் பயன்படுத்துகின்றார். இதனினும் நகைக்கத் தக்கது வேறுண்டோ?

இந் நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. உலகின் பெருஞ் சில்லு நிறுவனமே, மக்கள் சேர்த்து வைத்த மென்பொருட் செல்வத்தை மீறி ஒரு மொழியைத் திணிக்க இயலாமல் தோற்றது. ஆற்றல் சில்லில் இல்லை. அதன்மேல் மக்கள் ஆக்கி வைத்த ஆக்கத்தில் உள்ளது.

உரிமம் என்னும் கடிவாளம்

இன்டெல் வழிவந்த கட்டளைத் தொகுதியை ஆக்கும் உரிமை மிகச் சிலரிடமே உள்ளது. புதிதாய் ஒருவர் அதற்குள் புகுதல் அரிது. ஆர்ம் வேறு வகையது. இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் ஏகார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த சோபி வில்சன் அம்மையாரும் இசுட்டீவ் பர்பரும் வகுத்த அச் செயலி 1985 ஏப்பிரலில் முதன்முதலாக இயங்கியது. 1990இல் தனி நிறுவனமான ஆர்ம், சில்லுகளை விற்காது உரிமங்களை விற்றது. கட்டணம் செலுத்துவோர் எவரும் ஆக்கலாம். ஆயினும், உரிமம் என்பது பிறர் தரும் இசைவேயன்றித் தம் உடைமையாகாது. 2016இல் சப்பானின் சாப்டுபேங்கு ஆர்மை வாங்கியது. 2020இல் ஆர்மின் உரிமம் பெற்றோருள் ஒன்றாகிய என்விடியா, ஆர்மையே வாங்க முனைந்தது. அரசுகளும் போட்டி நிறுவனங்களும் எதிர்த்தமையால் 2022 பிப்பிரவரியில் விலகியது. அவ்வாண்டே ஆர்ம், தன் பெரிய வாடிக்கையாளருள் ஒன்றாகிய குவால்காம்மீது உரிமம் தொடர்பாக வழக்குத் தொடுத்தது. பெரு நிறுவனங்களே இவ்வாறு ஒருவர் கையை ஒருவர் நோக்கி நிற்குமாயின், எளிய பயனர் நிலை யாது?

தளத் தேர்வு

தளத் தேர்விலும் இதே நிலைதான். விண்டோசு 11, 2021 அக்தோபரில் வந்தபோது, 'டிபிஎம் 2.0' என்னும் காப்புறுப்பும் ஏறத்தாழ 2017ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட செயலியும் வேண்டும் என்று வரையறுத்தது. விண்டோசு 10-க்கான இலவசக் காப்பு 2025 அக்தோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. தனியார்க்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் பதிவின்பேரில் அளிக்கப் பெற்றது. நல்ல நிலையில் இயங்கிய எத்தனையோ பொறிகள் ஒரு வரையறையால் பழம்பொருளாயின. அவற்றின் செயலி தேயவில்லை, நினைவகம் குறையவில்லை. தளத்திற்கு உரியவர் கதவடைத்தார், அவ்வளவே.

அப் பொறிகளில் இலினக்சு இயங்கும். பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு 1991இல் ஒரு 386 பொறியில் எழுதத் தொடங்கிய அவ் இயங்குதளக் கரு, இன்று இன்டெல், ஏ.எம்.டி., ஆர்ம் என எல்லாக் குடும்பங்களிலும் இயங்குகின்றது. மூலநிரல் திறந்திருப்பதால், எந்தப் புதுச் செயலிக்கும் அதனை எவரும் பெயர்த்து அமைக்கலாம். ஒரு நிறுவனம் கைவிட்டாலும் மற்றொருவர் தொடரலாம்.

இதனால், எல்லாரும் இன்றே இலினக்சுக்கு மாறிவிட வேண்டும் என்று கூறுவது பொருந்தாது. தம் தொழிற்கு வேண்டிய கணக்கு மென்பொருளோ வரைவு மென்பொருளோ விண்டோசில் மட்டுமே கிடைக்கும் நிலையில் உள்ளோர் பலர். ஒளிக்காட்சி தொகுப்போர்க்கும் ஒலிப்பதிவாளர்க்கும் மேக்கு ஏற்றதாய் அமைதல் உண்டு. விரைவும் வேண்டுவதே, நாள்முழுதும் பெரும் படங்களைச் செப்பம் செய்வோர் மெதுவான பொறியை வைத்துக்கொண்டு உரிமை பேசிப் பயனில்லை. ஆயின், விரைவை விளம்பர எண்ணால் அளவாது, தம் பணியை அப் பொறியில் ஓட்டிப் பார்த்து அளக்க வேண்டும். தளம் எதுவாயினும், தம் ஆக்கம் அத் தளத்தினின்று வெளியேறும் வழி திறந்துள்ளதா என்பதை முதலிற் பார்க்க வேண்டும்.

தமிழ் கற்ற பாடம்

இவ் வுண்மையைத் தமிழ் தன் பட்டறிவால் கற்றுள்ளது. 1990-களில் தமிழ் எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனிக் குறியெண்களை வகுத்தனர். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. மேக்கில் கோத்த இதழை விண்டோசில் திறக்க முடியவில்லை. எந்த எழுத்துரு சிறந்தது என்ற பூசல் மட்டும் ஓயவில்லை. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொதுத் தரம் வகுத்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகள் தனிக் குறியெண் பெறாத குறையுண்டு; அக் குறை கருதியே அனைத்தெழுத்துக் குறியேற்றமும் அவ் ஆணையில் இடம்பெற்றது. ஆயினும், இன்று ஒருங்குறியில் எழுதிய தமிழ், இன்டெலிலும் ஆர்மிலும் மேக்கிலும் இலினக்சிலும் ஒன்றுபோலவே திறக்கின்றது. பழைய குறியேற்றங்களில் அடித்து, மாற்றப்படாமற் கிடக்கும் நூற்கோப்புகளோ ஆண்டுதோறும் படிக்க இயலாதனவாகி வருகின்றன. பொறியைப் பற்றியவர் ஆக்கம் பொறியோடு அழிந்தது. பொதுத் தரத்தைப் பற்றியவர் ஆக்கம் பொறிகளைக் கடந்து வாழ்கின்றது.

திறந்த கட்டளைத் தொகுதி

இப்பொழுது செயலியின் கட்டளைத் தொகுதிக்கே பொதுத் தரம் ஒன்று தோன்றியுள்ளது. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கப்பெற்ற 'இரிசுக்கு-5' எவர்க்கும் கட்டணமின்றித் திறந்தது. அதனைக் காக்கும் அமைப்பு, ஒரு நாட்டரசின் கட்டுப்பாட்டிற்குள் அகப்படாதிருத்தற்பொருட்டு 2020இல் சுவிட்சர்லாந்தில் பதிவு பெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இக் கட்டளைத் தொகுதியைக் கொண்டே 'சக்தி' செயலிகள் வரையப்பெற்றன. 2018இல் அவை சில்லுகளாகவும் வெளிவந்தன.

மகிழத் தக்க செய்தியே, மயங்கத் தக்கதன்று. அவ்வாண்டு ஒரு வகைச் சில்லு அமெரிக்காவின் ஓரிகானில் இன்டெலின் ஆலையில் 22 நானோமீட்டர் நுண்மையில் ஆக்கப்பெற்றது. மற்றொன்று சண்டிகாரில் 180 நானோமீட்டர் நுண்மையில் ஆக்கப்பெற்றது. 180 நானோமீட்டர் என்பது 1999இல் பென்டியம் 3 சில்லுகள் ஆக்கப்பெற்ற நுண்மை. ஆப்பிளும் ஏ.எம்.டி.யும் தம் தலைமைச் சில்லுகளைத் தாமே ஆக்குவதில்லை. தைவானின் டிஎசுஎம்சி ஆலையே ஆக்கித் தருகின்றது. அவ் ஆலைக்கு வேண்டிய மிக நுண்ணிய ஒளியச்சுப் பொறியை நெதர்லாந்தின் ஏஎசுஎம்எல் ஒன்றே ஆக்குகின்றது. மொழி திறந்திருப்பது முதற்படி. ஆலையும் மென்பொருளும் ஆண்டுக்கணக்கான உழைப்பால் அமைய வேண்டியன. கொடி பிடித்துக் குரல் எழுப்புவதால் அவை அமையா.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

பொறி வாங்கப் புகுவோர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். ஒன்று: தம் எழுத்தும் கணக்கும் படமும் ஒருங்குறி, 2006இல் பன்னாட்டுத் தரமான திறந்த ஆவண வடிவம் போன்ற பொது வடிவங்களில் வைக்கப்பெறுமா? இரண்டு: தளத்தை ஆக்கியவர் எத்தனை ஆண்டு காப்பு அளிப்பார், அதன்பின் அப் பொறியில் வேறொரு தளத்தை அமைக்க இயலுமா? மூன்று: தாம் செய்யும் பணியை அது தாமே அளந்து பார்த்த விரைவில் செய்கின்றதா? இம் மூன்றிற்கும் நல்ல விடை தரும் பொறி எந்நிறுவனத்தினதாயினும் வாங்கத் தக்கது. விடை தாராதது எத்துணைப் புகழ்பெற்றதாயினும் விலக்கத் தக்கது.

தனி ஒருவர் தவறித் தேர்ந்தால் இழப்பு அவரோடு போம். பள்ளியும் பல்கலைக்கழகமும் அரசு அலுவலகமும் பொதுப்பணத்தால் ஆயிரக்கணக்கில் வாங்கும்போது, அத் தவறு ஒரு தலைமுறையின்மேல் விழும். ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறித்து ஒப்பந்தப்புள்ளி கோருவதை விடுத்து, பொதுத் தரத்தைக் குறித்துக் கோருதல் வேண்டும். பதிவேடுகளும் பாடநூல்களும் எந்தப் பொறியிலும் திறக்கும் வடிவில் இருத்தல் வேண்டும். மாணவர்க்கு ஒரு தளத்தின் பொத்தான்களைக் கற்பிப்பதோடு நில்லாது, கணிப்பொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் கற்பித்தல் வேண்டும்.

இன்றைய சில்லு பத்தாண்டில் குப்பைக்குச் செல்லும். அதனைப் புகழ்ந்தோரும் பழித்தோரும் அதன் பெயரையே மறப்பர். அதன்மேல் எழுதப்பெற்ற நூலும், தொகுக்கப்பெற்ற அகராதியும், கணக்கும் ஓவியமும் அப்போது திறக்குமா என்பதே கேள்வி. அதற்கு இன்றே விடை தேடுவோரே உண்மையில் தேர்வு செய்பவராவர்.